முடிச்சுப் போட்ட தெரு

செங்கரைப்பாளையத்தில் நீளத்தெரு என்று ஒரு தெரு, மேற்கே ஒரு வரிசை வீடு, கிழக்கே ஒரு வரிசை வீடு, நடுவில் தார் ரோடு, இரண்டு வரிசையிலும் வீட்டுக்கு வீடு விசைத்தறி, விடிந்தால் ஆரம்பிக்கும் டடக்கு டடக்கு பொழுது சாய்ந்தாலும் ஓயாது. அந்தத் தெருவின் கிழக்கு வரிசை, ஒரு தீபாவளி கழிந்த வாரத்தில், வடக்குப் பக்கமாக நகரத் தொடங்கியது. நாளைக்கு ஒரு சாண். வீடும் வாசலும் தறியும் தண்ணீர்த் தொட்டியும் மாடியில் காயும் துணியும் உள்ளே தூங்குகிற மனிதர்களும், நிலத்தோடு நிலமாக, நாளைக்கு ஒரு சாண். நம்பாதவர்கள் நம்பாமலே மேற்கொண்டு படிக்கலாம், எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

முதல் சில நாட்கள் யாருக்கும் தெரியவில்லை. தறி ஓடுகிற வீட்டில் சுவர் அதிரும், செம்பில் தண்ணீர் அதிரும், பேசுகிற பல்லும் அதிரும். அங்கே பூமி அதிர்ந்தால் யார் கண்டுகொள்வார்கள்? மாதம் ஒரு முறை பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துகிற நாள் வந்தது, தறிகள் எல்லாம் ஒரே சமயத்தில் வாயை மூடின, அப்போதுதான் காலடியில் அந்தச் சத்தம் கேட்டது. திருகையில் யாரோ மெதுவாகப் பயறு உடைக்கிற சத்தம். வாசலுக்கு வந்து பார்த்தால் தார் ரோடு தெற்குக் கோடியிலிருந்து வடக்குக் கோடிவரை நட்டநடுவில் கீறிக் கிடக்கிறது, வேகத்தடைக்கு அடித்த வெள்ளைக் கோடு பாதி இங்கே, பாதி அங்கே. பெண்கள் குழந்தைகளை வாரி எடுத்தார்கள், எல்லோரும் வெளிறிப்போய் நின்றார்கள். சாயங்காலம் கரண்ட் வந்தது. ஆர்டர் துணி கிடக்கிறதே என்று தறியை ஓட்டப் போய்விட்டார்கள்.

ஊருக்கு வெளியேயும் அந்தக் கீறல் போனது. வடக்கே தென்னந்தோப்பில் வரிசையாக நின்ற மரங்கள் ஓரிடத்தில் முறிந்து, மீதி வரிசை இரண்டடி தள்ளி நின்றது. தெற்கே ஒரு கிணறு இரண்டாக வெட்டுப்பட்டு, பாதிக் கிணறு ஒருவர் சோளக்காட்டிலும் மீதிப் பாதி பக்கத்துச் சோளக்காட்டிலும் ஆகிவிட்டது. மேற்கிலிருந்து நேராக வந்துகொண்டிருந்த ஓடை, கீறலைத் தொட்டதும் முழங்காலை மடக்கியதுபோல வடக்கே திரும்பி, கொஞ்ச தூரம் போய், மறுபடி கிழக்கே நிமிர்ந்தது. ஓடைத் தண்ணீர் எதையும் கேட்கவில்லை, வழி எங்கே இருந்ததோ அங்கே போனது. நீளத்தெருக்காரர்களும் அப்படித்தான்.

பொங்கலுக்குள் எல்லாம் பழகிவிட்டது. வாரம் தவறாமல் மின்வாரியத்து ஆட்கள் வந்து ஒயரை நீட்டிவிட்டுப் போனார்கள், குடிநீர்க் குழாய்க்குப் பதிலாக ரப்பர் ஹோஸ் போட்டார்கள். எதிர்வீட்டுக்காரியோடு சண்டையா, ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டு பொறுத்தால் போதும், பூமியே அவளை நகர்த்திவிட்டு வேறொருத்தியைக் கொண்டுவந்து நிறுத்திவிடும். கல்யாணப் பத்திரிகை வைக்கிறவர்கள் அன்றைய தேதிக்கு யார் எதிர்வீடோ அவர்களில் தொடங்கினார்கள். எல்லாவற்றிலும் பெரிய தலைவலி தெருக்குத்துதான். மேற்கு வரிசையின் நடுவே ஒரு சந்து வந்து தெருவில் முட்டும். அந்தச் சந்து நேராக எந்த வாசலைக் குத்துகிறதோ அந்த வீட்டுக்கு ஆகாது, சுவரில் ஒரு பிள்ளையாரை வைத்தால்தான் குடும்பம் நிற்கும் என்பது ஊரறிந்த விஷயம். இப்போது கிழக்கு வரிசை வீடுகள் ஒவ்வொன்றாகச் சந்துக்கு நேரே வந்து வந்து போகின்றன. ஆளுக்கொரு பிள்ளையாரா? கூட்டம் போட்டுப் பேசி, தெருவுக்குப் பொதுவாக ஒரு பிள்ளையாரை வாங்கித் தள்ளுவண்டியில் உட்கார வைத்தார்கள். சந்து எந்த வீட்டைக் குத்துகிறதோ அந்த வீட்டுக்கு வண்டி போகும், கைமாறுகிற நாளில் தெருவுக்கே கொழுக்கட்டை. பிள்ளையாருக்கும் அந்த ஏற்பாட்டில் மனக்குறை இருந்ததாகத் தெரியவில்லை.

இந்தத் தெருவில் மேற்கு வரிசையில் வடக்குக் கோடியை ஒட்டி இருந்தவள் தெய்வானை. புருஷன் இல்லை, தறிகளுக்கு ஊடைநூலைக் குச்சியில் தார் சுற்றிக் கொடுத்துப் பிழைப்பு. ஒரே மகள் சுகந்தி. அவளைக் கட்டிக்கொடுத்தது இதே தெருவில், கிழக்கு வரிசையில், தெற்கே பத்துப் பன்னிரண்டு வீடு தள்ளி, நெசவாளர் சங்கத் தலைவர் அர்த்தநாரியின் வீட்டில், அவர் மகனுக்கு. கூப்பிடு தூரத்தில் மகள் இருக்கிறாள் என்று தெய்வானை பூரித்துப்போனாள். வளைகாப்பன்றைக்கு மகளின் கையில் வளையலைப் போடும்போது, மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, பெற்ற வயிறு கேட்காமல், சபையில் ஒரு சொல் சொல்லிவிட்டாள்: “என்ற புள்ளைக்கு இங்க வயித்துக்குச் சரியாப் போடறதில்லயாட்டங்குது.” அவ்வளவுதான். அர்த்தநாரியின் முகம் கறுத்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை. சுகந்தி தெருவாசலில் கால் வைக்கக் கூடாது, தெய்வானை அந்த வீட்டுப் பக்கம் வரக் கூடாது. பிறந்தது பேரனா பேத்தியா என்று பால்காரர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. பேத்தி. ஒரே தெருவில் பாட்டி இருக்க, நடக்கப் பழகிவிட்ட பேத்தியின் முகம் அவளுக்குத் தெரியாது. பூமி நகர்ந்ததுகூட எனக்குப் புரிகிறது, இது புரியவில்லை.

அந்த வீடுதான் இப்போது தெய்வானையை நோக்கி வந்துகொண்டிருந்தது. காலையில் எழுந்ததும் அவள் மாடிக்குப் போய்த் தெற்கே பார்ப்பாள். முதலில் மொட்டைமாடியில் துணி காயப்போடுகிறவளின் சேலை நிறம் மட்டும் தெரிந்தது. மாசியில், தலைக்குக் குளித்து முடியை விரித்துவிட்டிருப்பது தெரிந்தது. சித்திரையில் இடுப்பில் குழந்தை தெரிந்தது. ஒரு நாள் சுகந்தி கைப்பிடிச் சுவரோரம் வந்து, குழந்தையின் கையைப் பிடித்துத் தூக்கி ஆட்டிக் காட்டினாள், தெய்வானை அங்கேயே உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். வீட்டுக்கு வீடு நேராக வந்துவிட்டால் அர்த்தநாரி கதவைச் சாத்தலாம், ஜன்னலைச் சாத்தலாம், ஆனால் மாடிக்கு மாடி பேசுவதை யார் தடுப்பது? இன்னும் ஐந்து வீடு, இன்னும் நாலு வீடு என்று அவள் காத்திருந்தாள்.

நாலு வீடு பாக்கி இருந்தபோது நஸ்ரின் வந்தாள். நிலவியல் துறை அதிகாரி, ஜீப்பில் கருவிகளோடு வந்தவள், முழங்கால் மடக்கிய ஓடையையும் பாதிக் கிணற்றையும் பார்த்துவிட்டுத் தெருவுக்குள் வந்து, ரோட்டுக் கீறலில் விரலை வைத்தாள். விரலுக்கடியில் கிழக்குப் பக்கத்துத் தார் ஊர்வதை உணர்ந்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு நடுரோட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் ஈயாடவில்லை. அந்தத் தெருவில் வாய்பிளந்த ஒரே ஆள் படித்து வந்த அவள்தான் என்று பெண்களுக்கு ஒரே சிரிப்பு. ஒருத்தி டீ கொண்டுவந்து கொடுத்து, “பயப்படாதீங் மேடம், பழகிக்கும்” என்றாள்.

டீ குடித்த பிறகு அவளுக்குப் பேச்சு வந்தது. “நாம நிக்கற தரை முழுசா ஒரே துண்டு இல்லீங்க, பெரிய பெரிய பாளமா உடைஞ்சு கிடக்கு. அதுக்கு அடியில பாறை கெட்டியாத்தான் இருக்கும், ஆனாலும் அந்தச் சூட்டுல கொஞ்சம் கொஞ்சமா ஓடும். மேல இருக்கற பாளமும் அதோட சேர்ந்து நகரும். நம்ம இந்தியா ஒரு காலத்துல தெற்கே வேற கண்டங்களோட ஒட்டியிருந்துச்சு. பிரிஞ்சு, வடக்கே வந்து ஆசியாவுல முட்டிச்சு. முட்டின இடம் மடிஞ்சு எழுந்ததுதான் இமயமலை. இன்னும் முட்டிக்கிட்டேதான் இருக்கு, நகம் வளர்ற வேகத்துல.”

“அப்ப நாங்க எல்லாருமே வடக்கதான் போயிட்டிருக்கறமுங்களா?” என்று ஒருவர் கேட்டார்.

“ஆமாங்க.”

“பொறவு கெழக்கு வரிசைக்காரங்களுக்கு மட்டும் என்னுங் அப்படி அவசரம்?”

“அதுதாங்க எனக்கும் தெரியல” என்றாள் நஸ்ரின். “இந்த ஊர்ப் பாறை இருநூத்தம்பது கோடி வருஷத்துப் பாறை. இது அசையாதுன்னுதான் நாங்க படிச்சோம்.” பிறகு ஒரு செங்கல்லைக் கேட்டு வாங்கி, கிழிந்த சைக்கிள் ட்யூப் ஒன்றை அதில் கட்டி, ரோட்டில் வைத்து மெதுவாக இழுத்துக் காட்டினாள். ட்யூப் நீண்டது, செங்கல் நகரவில்லை; இன்னும் நீண்டது, நகரவில்லை; திடீரென்று செங்கல் தாவி வந்து அவள் கால்விரலில் மோதியது. “பாத்தீங்களா? நகராம நின்னப்ப இழுத்த இழுப்பெல்லாம் எங்கயும் போகல, ட்யூப்லயே இருந்துச்சு. பூகம்பம்னா இதுதான். உங்க தெரு தினம் ஒரு சாண் வழுக்கிக்கிட்டே இருக்கறது உங்க அதிர்ஷ்டம். ஓடற வரைக்கும் பயமில்லீங்க. நின்னாத்தான் பயம்.” எல்லோரும் தலையாட்டினார்கள். செங்கல் குதித்ததைப் பார்த்துக் கைதட்டினார்கள். எல்லோரும் பார்த்தார்கள் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பார்க்கவில்லை, தெரியாது என்று பிற்பாடு ஒருவரும் சொல்ல முடியாது.

தன் வீடு எந்த வீட்டைப் பார்த்துப் போகிறது என்பது அர்த்தநாரிக்கும் தெரியும். மூன்று வீடு பாக்கி இருந்த ஆடி மாதத்தில் அவர் சங்கக் கூட்டத்தைக் கூட்டினார். சம்பந்தியம்மாளைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ஒயர் அறுகிறது, குழாய் அறுகிறது, ஆம்புலன்ஸ் வர வழியில்லை என்று தெருவின் கஷ்டத்தையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டார். “தறீல இழை அறுந்தா என்ன பண்ணுவோம்?”

“முடிச்சுப் போடுவமுங்க.”

“அறுந்ததப் பாத்துட்டே தறிய ஓட்டுவமா?”

யாராவது ஓட்டுவார்களா? இழை அறுந்தால் தறியை நிறுத்தி, இரண்டு நுனியையும் பிடித்து முடிந்துவிட்டுத்தான் அங்கே யாரும் அடுத்த வேலை பார்ப்பார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கும் விரல் தானாக அந்த முடிச்சைப் போடும். அறுந்ததை அறுந்தபடி விட்டவன் என்று பெயர் வாங்கினால் அந்தத் தெருவில் பெண் கொடுக்க மாட்டார்கள். அந்தப் பேச்சு எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. தெருவே அறுந்து கிடக்கிறது, தெருவுக்கு முடிச்சுப் போடுவோம் என்று கிளம்பிவிட்டார்கள். வாசலுக்கு வாசல் பள்ளம் தோண்டி, இரும்புத் தூண் நட்டு, கான்கிரீட் கொட்டி, எதிரெதிர் வீடுகளைக் கை மொத்தக் கம்பி வடத்தால் இழுத்துக் கட்டினார்கள். வடத்தின் இரு நுனியும் சேருமிடத்தில் ஒரு பெரிய போல்ட்டு, அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டி, ஸ்பேனரால் முறுக்கினார்கள். மறுநாள் காலையில் நூல் பிடித்துப் பார்த்தார்கள். கிழக்கு வரிசை அசையவில்லை. அதற்கு மறுநாளும் அசையவில்லை. மேளம் கொட்டினார்கள், பாயசம் வைத்தார்கள், பிள்ளையார் வண்டியின் சக்கரத்தைக் கழற்றி அவர் நின்ற இடத்திலேயே நிரந்தரமாக உட்கார வைத்தார்கள். தெய்வானை மட்டும் பாயசம் வாங்கவில்லை. மாடியில் நின்று, மூன்று வீட்டுக்கு அப்பால் அப்படியே நின்றுபோன மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேதி கேட்டு நஸ்ரின் ஓடிவந்தாள். கட்டியிருந்த வடத்தைக் கையால் உலுக்கிப் பார்த்தாள். “நான் செங்கல்ல இழுத்துக் காட்டினேனே! பாத்தீங்களே எல்லாரும்!”

“அது செங்கல்லுங்க மேடம்” என்றார் அர்த்தநாரி. “இது எங்க தெரு.”

“நின்னது உங்க தெரு மட்டும்தான் சார். ரெண்டு பக்கமும் தூரத்துல தரை நகர்ந்துக்கிட்டேதான் இருக்கு, நான் அளந்துட்டுத்தான் வர்றேன். நடுவுல இங்க மட்டும் பிடிச்சு வச்சிருக்கீங்க. நடுவுல இருக்கற பாறை அந்த ட்யூப் மாதிரி வளைஞ்சிட்டு இருக்கு. இப்பவாச்சும் அவுத்துடுங்க. ஒண்ண மட்டும் அவுக்காதீங்க, எல்லா முடிச்சையும் ஒரே நேரத்துல, கொஞ்சம் கொஞ்சமா.”

யாரும் ஸ்பேனரை எடுக்கவில்லை. அவள் தன் மேலதிகாரிகளுக்குச் சொன்னாள். தெரு நகர்வது நின்றுவிட்டதா, அப்படியானால் சந்தோஷம் என்று அங்கே முடித்துக்கொண்டார்கள். போகும்போது அவள் தெய்வானை வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தாள், “முடிஞ்சா இங்கிருந்து போயிடுங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. கதவுகள் சாத்த மறுத்தன, சதுரமாக இருந்த ஜன்னல் சட்டங்கள் கோணிக்கொண்டன, கிணற்றுத் தண்ணீர் மழை இல்லாமலே கலங்கி ஏறியது, ரோட்டுத் தார் கீறலோரம் வீங்கியது. தச்சரைக் கூப்பிட்டுக் கதவை இழைத்துக்கொண்டார்கள். ஐப்பசியில் வடங்கள் ரீங்காரமிட ஆரம்பித்தன. தறிக்காரனுக்கு அந்தச் சத்தம் தெரியாதா? தறியில் நீளவாட்டில் கட்டிய பாவு நூல் அளவுக்கு மீறி இறுகினால் அப்படித்தான் விண்ணென்று பாடும், உடனே ஓடிப்போய்ப் பாவைத் தளர்த்துவான், இல்லாவிட்டால் நூறு இழை ஒரே நேரத்தில் அறும். வீட்டுக்குள் அதைச் செய்தவர்கள் வாசலில் கேட்டதைக் காதில் வாங்கவே இல்லை. எல்லோரும் சேர்ந்து போட்ட முடிச்சைத் தப்பென்று யார் முதலில் சொல்வது? தெரு முழுக்க அதற்காகக் காத்திருந்தது. எனக்கு ஆறவே ஆறாத அதிர்ச்சி அதுதான்.

கார்த்திகை பிறந்து ஒரு நாள் தெய்வானை வாசல் பெருக்கும்போது தன் வீட்டுப் போல்ட்டில் கையை வைத்தாள். உள்ளங்கையிலிருந்து தோள்வரை அதிர்ந்தது. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, பட்டப்பகலில், தெருவே பார்க்க, மூன்று வீடு நடந்து அர்த்தநாரியின் வாசலில் போய் நின்றாள். அவர் தறிக்கொட்டகையிலிருந்து கையில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்துக்கொண்டு வந்தார். வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை.

“அண்ணா, ஒரு வார்த்த சொல்லிப்போட்டுப் போயிடறனுங்க.”

அவர் துணியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“தெருவுக்காகக் கட்டுனதுன்னு எல்லாருஞ் சொல்றாங்க. எனக்காகக் கட்டுனதுன்னு எனக்குத் தெரியுமுங்ணா. உங்க வீடு என்ற வீட்டுக்கு நேரா வந்து நிக்கக் கூடாது, அவ்வளவுதானுங்களே? நான் வீட்டப் பூட்டிட்டு என்ற தங்கச்சி ஊருக்கே போயிடறனுங்க. உங்க வீடு வந்து நிக்கறப்ப அங்க ஆளே இருக்காது. நான் பாக்க மாட்டேன். பேசவும் மாட்டேன். கட்ட அவுத்துடுங்ணா. கம்பி பாடுதுங்க. உள்ள கொழந்த தூங்குதுங்க.”

உள்ளே ஜன்னலுக்குப் பின்னால் சுகந்தி நிற்பது இருவருக்கும் தெரிந்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அர்த்தநாரி துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். சுத்தமாக இருந்த விரல்களையும் துடைத்தார்.

“எப்பப் போவீங்க?” என்றார்.

“நாளைக்கே போறனுங்க.”

“போன அன்னிக்கு அவுத்துடறேன்.”

சுகந்தியை வளர்த்தது இந்தக் கைதான், அவளை விட்டுப் போகிறேன் என்று சொல்ல வந்ததும் இந்த வாய்தான். எப்படி வந்தது என்று தெய்வானைக்கே தெரியவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. உச்சிப்பொழுதில் வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகி, இரண்டு சேலையைப் பையில் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். மாடியில் மகள் நின்றிருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தால் கால் நகராது என்பதும் தெரியும். பார்க்காமலே போனாள்.

அர்த்தநாரியிடம் ஆயிரம் குறை சொல்லலாம், கொடுத்த வாக்கை மாற்றுகிறவர் என்று மட்டும் சொல்ல முடியாது. அவள் தலை மறைந்ததும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து, “அவிங்கவிங்க முடிச்ச அவிங்கவிங்க கொஞ்சம் கொஞ்சமா எளக்குங்க!” என்று சத்தம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை, தறி ஓட்டமில்லை, வீட்டுக்கு வீடு கறிக்குழம்பு கொதிக்கிறது. “நல்லாத்தானுங்க நிக்குது, சாப்பிட்டுப் பாக்கலாமுங்க” என்று உள்ளேயிருந்தே பதில் வந்தது. அவர் விடவில்லை. “சோத்த வெளிய கொண்டாந்து திங்கலாம், எல்லாரும் வெளிய வாங்க, கொல்லைப்பக்கம் வெட்டவெளில போய் உக்காருங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினார். தன் வீட்டில் மனைவியையும் மகனையும் மருமகளையும் குழந்தையையும் முதலில் வெளியே விரட்டினார். அந்த அதிகாரி சொன்னது எல்லாம் அவருக்கு அன்றைக்கே புரிந்திருந்தது என்று நான் நினைக்கிறேன். புரிந்தும் நாலு மாதம் கட்டி வைத்திருந்தார் என்பதை என்னால் தாங்கவே முடியவில்லை. இவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று முனகிக்கொண்டு தட்டோடு எல்லோரும் கொல்லைக்குப் போனார்கள். அவர் தனியாகத் தெற்குக் கோடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு போல்ட்டாக ஒரு சுற்று, அடுத்ததற்கு ஒரு சுற்று என்று இளக்கிக்கொண்டு வந்தார். தன் வீட்டு வாசலுக்கு வந்து குனிந்தார்.

கீழேயிருந்து ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு, நிலத்துக்கு அடியில் யாரோ கதவைத் தட்டியதுபோல. தெருவில் இருந்த நாய்கள் எல்லாம் ஒரே சமயத்தில் ஊளையிட்டன. மறு மூச்சு விடுவதற்குள் பக்கவாட்டில் ஒரு வீச்சு, வடக்குக் கோடியில் முதல் வடம் அறுந்தது, அடுத்தது அறுந்தது, இறுகிய பாவு அறுகிற வரிசையில் சட சடவென்று எல்லாம் அறுந்தன, நாலு மாதம் நகராத கிழக்கு வரிசை நாலு மாத நகர்வையும் ஒரே வீச்சில் நகர்ந்தது, வீடுகள் வீடுகளைத் தாண்டின, கொல்லையில் உட்கார்ந்திருந்தவர்கள் கையில் பிசைந்த சோற்றோடு மேற்கு வானம் தெற்கே ஓடுவதைப் பார்த்தார்கள். பிறகு நின்றது. புழுதி. ஒரு குழந்தை அழுதது, இன்னொரு குழந்தை அழுதது, அதன் பிறகுதான் பெரியவர்களுக்கு அழத் தோன்றியது. எத்தனையோ சுவர் விழுந்திருந்தது, எத்தனையோ பேருக்கு அடி. வீட்டுக்குள் ஒருவரும் இல்லாததால் ஒருவரும் சாகவில்லை. நஸ்ரின் பிற்பாடு வந்து அளந்து பார்த்தாள். முடிச்சே போடாமல் விட்டிருந்தால் நாளைக்கு ஒரு சாணாக அன்றைய தேதிக்குக் கிழக்கு வரிசை எங்கே வந்திருக்குமோ, சரியாக அங்கேதான் வந்து நின்றிருந்தது. ஒரு சாண்கூடக் குறையவில்லை. அவ்வளவு இரும்பும் அவ்வளவு கான்கிரீட்டும் ஒரு சாணைக்கூடத் தடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

பஸ் நிறுத்தத்தில் தெய்வானையைத் தரை தள்ளிவிட்டது. எழுந்தவள் பையை விட்டுவிட்டு ஓடிவந்தாள். தெருமுனையில் அவளுக்கு எந்த வீடு எது என்று தெரியவில்லை. தன் வீடு நின்றுகொண்டிருந்தது, பூட்டிய பூட்டோடு. அதற்கு நேர் எதிரே, முன்சுவர் முழுதும் விழுந்து, தறிகள் எல்லாம் தெருவைப் பார்த்து நிற்க, அர்த்தநாரியின் வீடு. நடுவே ரோட்டில் ஆட்கள் கூட்டமாகக் குனிந்திருந்தார்கள். அறுந்த வடத்தின் நுனி அவரை இடுப்பில் அடித்துப் போட்டிருந்தது. மூச்சு இருந்தது, கண் திறந்திருந்தது, பேச்சு இல்லை. ரோடு பிளந்து கிடந்ததால் ஆம்புலன்ஸ் தெருமுனை தாண்டி வர வழியில்லை, அதில் வந்தவர்கள் நடந்து வருவதாகச் சொன்னார்கள். உச்சி வெயில் அவர் முகத்தில் அடித்தது. பக்கத்தில் குழந்தையை இடுக்கிக்கொண்டு சுகந்தி உட்கார்ந்திருந்தாள், தலையெல்லாம் புழுதி.

தெய்வானை அவர் பக்கத்தில் போய் மண்டியிட்டாள். அவர் கண்கள் அவளிடம் வந்து நின்றன.

“சொன்ன வாக்கு தவறிப்போச்சுங்ணா” என்றாள் அவள். “வந்துட்டனுங்க.”

அவர் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. நாலு பேர் அவரைத் தூக்கிப் பலகையில் கிடத்தினார்கள், நிழலுக்குக் கொண்டுபோக வேண்டும், எங்கே கொண்டுபோவது? கிழக்கே சுவரில்லை. மேற்கே பூட்டிய வீடு. அந்த இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லையென்று தெரிந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, பலகையைத் தாங்கியபடி நடுரோட்டில் தயங்கினார்கள். தெய்வானை ஓடிப்போய்ப் படியேறிச் சாவியை எடுத்தாள். அவசரத்தில் சாவி பூட்டில் போகவில்லை. ஒரு தரம், இரண்டு தரம், போகவில்லை. பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் விரலிலிருந்து சாவியை வாங்கியது. இரண்டு வருஷம் கழித்து மகளின் கை அவள் மேல் பட்டது அப்போதுதான். சுகந்தி பூட்டைத் திறந்தாள். இடுப்பில் இருந்த குழந்தை, யார் இந்தப் பொம்பளை என்று தெய்வானையைப் பார்த்துவிட்டு, அம்மாவின் தோளில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கோணிப்போன கதவு பாதிதான் திறந்தது, தெய்வானை தோளைக் கொடுத்து முட்டித் தள்ளினாள், முழுசாகத் திறந்ததும் வழிவிட்டு ஒதுங்கி நின்று, பலகையைத் தூக்கி வந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள்:

“மெதுவா வாங்க, மெதுவா. தலையக் கொஞ்சம் எறக்கிப் புடிங்க, கதவு நெலவுல தட்டீரும். எங்க சம்பந்தி நெம்ப உசரமுங்க.”